துலூஸில் வாடகை வீடு: முதலில் தொஸியே, அப்புறம் சாவி

நாங்கள் பிரான்ஸின் துலூஸ் நகரில் வந்து இறங்கியது 2021 அக்டோபரில். கணவருக்கு பிளான்யாக் பக்கம் விமானப் பாகங்கள் வடிவமைக்கும் வேலை. மகளுக்கு மூன்றரை வயது. கம்பெனி ஒரு மாதம் தங்க இடம் கொடுத்திருந்தது, அதற்குள் வீடு பிடித்துவிடலாம் என்று நம்பித்தான் விமானம் ஏறினோம். திருச்சி தில்லைநகரில் அப்பா வீடு பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு புரோக்கர், நாலு வீடு, பிடித்தால் அட்வான்ஸ், நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சல். பத்து நாளில் வேலை முடிந்துவிடும். இங்கே எங்களுக்கு ஒன்பது வாரம் ஆனது.

சென்னையில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்திருந்ததால் போன் பேசுவது, மெயில் எழுதுவது எல்லாம் என் பொறுப்பானது. அதற்குப் பிறகு கணவரின் அலுவலகத்துக்கு யார் புதிதாக வந்தாலும் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். இதுவரை 17 குடும்பங்களுக்கு வீடு தேட உதவியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். நம் ஊரில் வீட்டுக்காரர் ஆளைப் பார்க்கிறார், குடும்பத்தை விசாரிக்கிறார், பிறகு பத்து மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு நிம்மதியாகிறார். இங்கே அட்வான்ஸுக்குச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. பொருட்கள் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை, பொருட்களோடு கூடிய வீட்டுக்கு இரண்டு மாத வாடகை, அதற்கு மேல் ஒரு யூரோகூட டெபாசிட் கேட்க முடியாது. கையில் பணம் இருக்கிறது, ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு, பலிக்கவில்லை. வாடகை கொடுக்காதவரைக் காலி செய்ய வைப்பதும் இங்கே சுலபம் இல்லை. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்காலத்தில் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதனால் வீட்டுக்காரருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு உங்கள் காகிதங்கள்தான். அந்தக் காகிதக் கட்டுக்குத்தான் தொஸியே என்று பெயர். தொஸியே சரியில்லை என்றால் வீட்டைக் கண்ணால் பார்க்கவே கூப்பிட மாட்டார்கள்.

தொஸியேயை ஊரிலிருந்தே கட்டத் தொடங்குங்கள்

வழக்கமாகக் கேட்பது இவ்வளவுதான்: பாஸ்போர்ட்டும் விசாவும், வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, கடைசி வருமான வரி நோட்டீஸ், இதற்கு முன் இருந்த வீட்டின் கடைசி மூன்று வாடகை ரசீது. புதிதாக வந்தவரிடம் இதில் பாதி இருக்காது. இல்லை என்று வெறும் இடமாக விட்டால் உங்கள் தொஸியே அடியில் போய்விடும். இல்லாத ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒன்றை வைக்க வேண்டும். பிரெஞ்சுச் சம்பளச் சீட்டு இல்லையா, இந்தியச் சீட்டு மூன்றையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வையுங்கள். வரி நோட்டீஸ் இல்லையா, இந்திய வரிக் கணக்கின் ஒப்புகைச் சீட்டை மொழிபெயர்த்து வையுங்கள். பழைய வாடகை ரசீது இல்லையா, ஊரில் இருந்த வீட்டுக்காரரிடம் 'இத்தனை வருடம் இருந்தார்கள், வாடகை பாக்கி இல்லை' என்று ஒரு கடிதம் வாங்கி, அதையும் மொழிபெயருங்கள். பிரெஞ்சில் இல்லாத காகிதத்தைத் தள்ளிவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கம்பெனி தரும் சான்றிதழ், அத்தெஸ்தாசியோன் என்பார்கள். எங்கள் முதல் மூன்று வாரம் வீணானது இந்த ஒரு தாளால்தான். அதில் ஆண்டுக்கு 42,000 யூரோ மொத்தச் சம்பளம் என்று மட்டும் இருந்தது. ஏஜென்சியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு நாற்பது தொஸியே வருகிறது. அவர் பன்னிரண்டால் வகுத்து, பிடித்தம் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். அவர் தேடுவது ஒரே எண்ணை: மாதம் கையில் வரும் தொகை. அது வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பார். கணவர் எச்ஆரிடம் போய் 'மாத நிகரச் சம்பளம் சுமார் 2,700 யூரோ, நிரந்தர ஒப்பந்தம், சேர்ந்த தேதி இது' என்று மாற்றி எழுதி வாங்கி வந்தார். அந்த வாரமே இரண்டு வீடு பார்க்க அழைப்பு வந்தது. நிரந்தர ஒப்பந்தத்தை இங்கே சேதேஈ (CDI) என்பார்கள். அந்தச் சொல் சான்றிதழில் கட்டாயம் இருக்க வேண்டும். சோதனைக் காலம் முடிந்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

காகிதங்களைத் தனித்தனிப் படமாக வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். தொஸியேஃபசீல் என்று அரசாங்கமே நடத்தும் இலவசச் சேவை இருக்கிறது. எல்லாவற்றையும் அதில் ஏற்றினால் சரிபார்த்து, ஒரே இணைப்பாகத் தருவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வீட்டு வாடகைக்காக மட்டும் என்று நீரெழுத்தும் (வாட்டர்மார்க்) விழும். அந்த நீரெழுத்து மிகவும் தேவை. உங்கள் பாஸ்போர்ட்டும் சம்பளச் சீட்டும் தவறான கையில் சிக்கினால், உங்கள் பெயரில் வேறு யாரோ கடன் வாங்க அது போதும்.

கேட்கக் கூடாத காகிதங்களும் உண்டு. 2015 நவம்பர் 5 தேதியிட்ட அரசாணை எதைக் கேட்கலாம் என்று பட்டியலே போட்டிருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட், மருத்துவ அட்டை எல்லாம் அதில் கிடையாது. யாராவது கேட்டால் சண்டை போட வேண்டாம், 'பட்டியலில் உள்ளவற்றை எல்லாம் இணைத்திருக்கிறேன்' என்று மட்டும் எழுதுங்கள்.

தொஸியேயின் முதல் பக்கமாக ஐந்தாறு வரியில் உங்களைப் பற்றி எழுதி வையுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு காலம் இருக்க நினைக்கிறீர்கள். குடும்பப் புகைப்படம் வேண்டாம்.

ஜாமீன்

கரான் என்று கேட்பார்கள். நம் ஊர் ஜாமீன்தாரர்தான். நீங்கள் வாடகை கொடுக்காவிட்டால் அவர் கொடுக்க வேண்டும். பிரான்ஸில் சம்பாதிக்கும் ஒருவராக இருந்தால்தான் ஏற்பார்கள். ஊரில் அப்பாவுக்கு எத்தனை ஏக்கர் இருந்தாலும் இங்கே செல்லாது.

இதற்கு நல்ல வழி விசால். ஆக்சியோன் லொஜ்மான் என்ற அமைப்பு தரும் இலவச ஜாமீன் இது. 30 வயது வரை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதைத் தாண்டியவர்கள் தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் 6 மாதத்துக்குள் கேட்கலாம். வாடகை வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, அவர்கள் தளத்திலேயே சில நிமிடத்தில் உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். முக்கியமாக, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே விசால் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். போட்டபின் கேட்டால் கிடையாது. வீடு தேடத் தொடங்கும் நாளே விண்ணப்பித்து, சான்றிதழைத் தொஸியேயில் சேர்த்துவிடுங்கள்.

சில வீட்டுக்காரர்கள் வாடகை பாக்கிக்கான இன்சூரன்ஸ் எடுத்திருப்பார்கள். அப்போது மாணவர் அல்லாதவரிடம் கரானும் சேர்த்துக் கேட்கக் கூடாது. ஆனால் அந்த இன்சூரன்ஸ் கம்பெனிகள் மூன்று மடங்குக் கணக்கில் ஒரு யூரோவும் விட்டுக்கொடுக்காது. அதனால் தனியார் வீட்டுக்காரரும் விசாலும் சேர்ந்தால்தான் நம்மவர்களுக்கு அதிகம் பலிக்கிறது. 17 குடும்பத்தில் 11 பேருக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஊரிலிருந்தே பணம் அனுப்பாதீர்கள்

இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அக்கா, கப்பித்தோல் பக்கத்திலேயே வீடு கிடைச்சிருச்சு, 480 யூரோதான். ஓனர் லண்டன்ல இருக்காங்களாம். 960 அனுப்பினா சாவியைக் கூரியர்ல அனுப்பிடுவாங்களாம்." படங்களை அனுப்பச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மலை தெரிந்தது. கப்பித்தோல் நகரத்தின் நட்டநடு சதுக்கம், சுற்றிலும் செங்கல் கட்டடம். அந்த வீடு துலூஸிலேயே இல்லை. அவன் பணம் அனுப்ப மறுநாள் பேங்குக்குப் போவதாக இருந்தான்.

வீட்டை நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ நேரில் பார்க்காமல், ஒப்பந்தம் கையெழுத்தாகாமல், ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். வெஸ்டர்ன் யூனியனில் அனுப்பு, சிகரெட் கடையில் கிடைக்கும் ரீசார்ஜ் கூப்பன் வாங்கி எண்ணைச் சொல் என்று யாராவது கேட்டால் அது திருட்டு. வேறு யோசனையே வேண்டாம். வீட்டைப் பிடித்துவைக்க முன்பணமாக செக் கேட்பதும் சட்டப்படி கூடாது.

அப்படியானால் வந்து எங்கே தங்குவது? கம்பெனி இரண்டு மாதமாவது தங்க இடம் தருமா என்று வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. தராவிட்டால் சமையலறையோடு கூடிய அப்பார்ட்-ஹோட்டல், அல்லது பாய் மொபிலித்தே என்ற குறுகிய கால ஒப்பந்தம். 2018இல் வந்த சட்டம் இது. 1 முதல் 10 மாதம் வரை, பொருட்களோடு கூடிய வீடு, டெபாசிட்டே வாங்கக் கூடாது, விசாலும் செல்லும். வேலை நிமித்தமாகத் தற்காலிகமாக இடம் மாறி வருகிறவர்கள், பயிற்சிக்கு வருகிறவர்கள், மாணவர்கள் இதைக் கேட்கலாம். முதல் வீடு மனதுக்குப் பிடித்த வீடாக இருக்க வேண்டியதில்லை. முதலில் உங்களுக்குத் தேவை ஒரு முகவரி. பேங்க் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளி, குடியிருப்பு அட்டை, எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று கேட்பார்கள். யாராவது நண்பர் வீட்டில் தங்கினால் 'இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்' என்று அவர் கையெழுத்திட்ட கடிதம், அவரது அடையாள அட்டை நகல், அவர் பெயரில் உள்ள கரண்ட் பில், இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

எங்கே தேடுவது

துலூஸில் இரண்டு மெட்ரோ தடங்கள். ஏ தடம் தென்மேற்கே பாசோ கம்போவிலிருந்து வடகிழக்கே பல்மா கிரமோன் வரை. பி தடம் வடக்கே போர்த்ரூஜிலிருந்து தெற்கே ரமோன்வில் வரை. இரண்டும் ழான் ழோரெஸில் சந்திக்கும். விமானத் தொழிற்சாலைகள் இருக்கும் பிளான்யாக் பக்கம் போக டி1 டிராம். அது அரேன் நிறுத்தத்தில் ஏ தடத்தோடு சேரும். உங்கள் அலுவலகம் எங்கே என்று தெரிந்துகொண்டு அந்தக் கோட்டிலேயே தேடுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் வெவ்வேறு பக்கம் வேலை என்றால் ஏ தடத்தின் நடுப்பகுதி வசதி.

கர்தூஷ்ரி டிராம் கோட்டிலேயே இருக்கும் புதிய குடியிருப்பு. லிஃப்ட், நல்ல ஜன்னல், சைக்கிள் அறை எல்லாம் உண்டு, வாடகையும் அதற்கேற்றபடி. பிளான்யாக், கொலோமியே இரண்டும் தனி ஊராட்சிகள். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அமைதியாக இருக்கும், பார்க்கிங் சுலபம். ஆனால் பிளான்யாக்கிலும் புர்பானிலும் விமானச் சத்தம் கேட்கும். வீடு பார்க்கப் போகும்போது ஜன்னலைத் திறந்துவைத்து கால் மணி நேரம் நில்லுங்கள். ரங்கேய் பக்கம் பல்கலைக்கழகமும் விண்வெளி ஆய்வு அலுவலகமும் இருக்கின்றன, அங்கே வேலை என்றால் பி தடம். நாங்கள் முதலில் மினிமில் இருந்தோம், இப்போது போர்த்ரூஜில் இருக்கிறோம். இரண்டும் பி தடம்தான். கணவருக்கு இரண்டு முறை வண்டி மாற வேண்டியிருக்கிறது, ஆனாலும் எனக்கு இந்தப் பக்கம் பிடித்துவிட்டது.

கார்ம், கப்பித்தோல் பகுதியில் அந்திவெயில் படும்போது செங்கல் சுவர்கள் ரோஜா நிறமாகும். அந்த அழகைப் பார்த்து எல்லோரும் அங்கேதான் வீடு கேட்கிறார்கள். வாடகையைக் கேட்பதற்கு முன் நாலு மாடி ஏறிப் பாருங்கள். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் ஸ்ட்ரோலரோடு ஏறி இறங்குவது தினமும் நடக்கிற காரியம் இல்லை. மிரைய், பாகத்தேல் பக்கம் வாடகை குறைவு. நல்ல இடம், கெட்ட இடம் என்று யாரோ சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மாலை ஏழு மணிக்கு ஒரு முறை, ஞாயிறு காலை ஒரு முறை தெருவில் நடந்து பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு லட்சத்துக்கு மேல் மாணவர்கள் படிக்கும் நகரம் இது. ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சின்ன வீடுகளுக்குப் பெரிய போட்டி. ஆகஸ்டில் பல ஏஜென்சிகள் பூட்டியிருக்கும். வரும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் தேடுங்கள்.

லெபோன்குவான், செலோஜே, பியன்னீசி ஆகிய தளங்களில் அலர்ட் வையுங்கள். லெபோன்குவானில் ஏஜென்சி இல்லாமல் நேரடி வீட்டுக்காரர்கள் அதிகம், மோசடியும் அதிகம். தே-தெ (T2) என்றால் ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும், தே-த்ருவா (T3) என்றால் ஹாலும் இரண்டு படுக்கையறையும். சமையலறை எண்ணிக்கையில் வராது. வாடகைக்குப் பக்கத்தில் சேசே (CC) என்றிருந்தால் பராமரிப்புச் செலவு சேர்த்து, ஆஷ்சே (HC) என்றிருந்தால் சேர்க்காமல். ஏஜென்சிக் கட்டணம் துலூஸில் சதுர மீட்டருக்குச் சுமார் 13 யூரோவைத் தாண்டக் கூடாது. எங்கள் 58 சதுர மீட்டர் வீட்டுக்கு 754 யூரோ கட்டினோம். டெபாசிட் 720, முதல் மாத வாடகை பராமரிப்போடு 790. ஆக, சாவி வாங்கும் நாளில் 2,264 யூரோ கையில் இருக்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்து பணம் வந்துசேர நாளாகும், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

போன், பிறகு நேரில்

மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது. காலை ஒன்பது மணிக்கு ஏஜென்சி திறந்ததும் போன் செய்யுங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் முதல் இரண்டு வரியைப் பிரெஞ்சில் சொல்லுங்கள். "போன்ஜூர் மதாம். ழ வூஸப்பேல் பூர் லப்பார்த்மான் ஓ மினிம். எஸ்கில் எ தூழூர் திஸ்போனிப்ள்?" மினிமில் உள்ள வீட்டுக்காகப் பேசுகிறேன், இன்னும் காலியாக இருக்கிறதா என்று அர்த்தம். போன்ஜூர் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தால் இங்கே அது மரியாதைக்குறைவு, அந்த இடத்திலேயே பேச்சு கசந்துவிடும். அடுத்த வரியில் சம்பளம், சேதேஈ, விசால் மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

ஒருமுறை நான் பெயரைச் சொன்னதும், அந்த வீடு கொடுத்தாகிவிட்டது என்றார்கள். இருபது நிமிடம் கழித்து கணவருடன் வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதே நம்பருக்குப் பேசினார், சனிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னார்கள். அன்று நான் அழுதேன், அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. பெயரையோ நாட்டையோ பார்த்து வீடு மறுப்பது இங்கே குற்றம். இப்படி இருவர் பேசிப் பார்த்த சோதனையை நீதிமன்றம் ஆதாரமாகவே ஏற்கும். தேதி, நேரம், பேசியவர் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு 39 28 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். உரிமைக் காவலர் அலுவலகம் நடத்தும் சேவை அது.

வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பாருங்கள். அலமாரிக்குப் பின்னால் சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். தென்கிழக்கிலிருந்து ஓதான் காற்று வீசும் நாட்களில் ஜன்னல் கதவுகள் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும், தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று போட்டுப் பாருங்கள். கூரைக்கு நேர் கீழே உள்ள மாடி வேண்டாம். இங்கே கோடையில் 40 டிகிரி வரை போகிறது, ஏசி உள்ள வீடு அபூர்வம்.

ஆற்றல் தர எழுத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஏ முதல் ஜி வரை இருக்கும். ஜி எழுத்து வீட்டை 2025 ஜனவரி 1 முதல் புதிதாக வாடகைக்கு விடவே கூடாது. எங்கள் முதல் வீடு இ. சுவரில் பழைய மின்சார ஹீட்டர்கள், இங்குள்ளவர்கள் அதை ரொட்டி வாட்டும் மெஷின் என்றே சொல்கிறார்கள். ஜனவரியில் கரண்ட் பில் மட்டும் 170 யூரோ வந்தது. வாடகையில் 50 யூரோ மிச்சம் என்று அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

சமையலறை

நம்மவர்கள் கடைசியில் பார்ப்பதும், முதலில் வருந்துவதும் இதற்குத்தான். ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை படத்தில் அழகாக இருக்கும். ஒரு நாள் மீன் குழம்பு வைத்தால் மூன்று நாள் திரைச்சீலையில் வாசனை நிற்கும். தனிச் சமையலறை, அதில் ஒரு ஜன்னல், இதுதான் என் முதல் நிபந்தனை. பொருட்கள் இல்லாத வீடு என்றால் சமையலறையில் தொட்டியும் குழாயும் மட்டும் இருக்கலாம், அடுப்புகூட நீங்கள்தான் வாங்க வேண்டும். பொருட்களோடு கூடிய வீடு என்றால் அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஓவன் அல்லது மைக்ரோவேவ், பாத்திரம், மெத்தை, போர்வை என்று என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு 2015ஆம் ஆண்டு அரசாணை உண்டு.

கண்ணாடி அடுப்பு என்றால் இரண்டு வகை. சூட்டில் சிவக்கும் வகையில் எந்தப் பாத்திரமும் வேலை செய்யும். இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டு வந்த அலுமினிய குக்கர் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டினால்தான் அந்தப் பாத்திரம் உதவும். புறப்படும் முன் ஃப்ரிட்ஜ் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். கிரைண்டரும் மிக்ஸியும் இங்கே நன்றாக ஓடும், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். கடுகு தாளிக்கும்போது அது கத்தினால் கழற்றி வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள், உள்ளே போகும் கதவை மூடிக்கொள்ளுங்கள்.

இப்போதைய வீட்டுக்காரம்மா வீட்டைக் காட்டும்போது, "வீட்டில் நிறையச் சமைப்பீர்களா?" என்று கேட்டார். தினமும் மூன்று வேளையும் சமைப்பேன், மசாலா உண்டு, ஜன்னலைத் திறந்துவைப்பேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் உடனே சமையலறை ஜன்னலுக்குப் போய், எந்தப் பக்கம் இழுத்தால் அது முழுக்கத் திறக்கும் என்று காட்டினார். கேட்டால் மறைக்காதீர்கள்.

கையெழுத்தும் வீட்டுச் சோதனையும்

வாடகை ஒப்பந்தம் 1989 ஜூலை 6ஆம் தேதிச் சட்டத்தின் கீழ் வரும். பொருட்கள் இல்லாத வீட்டுக்கு மூன்று வருடம், பொருட்களோடு ஒரு வருடம். மூன்று வருடம் என்றதும் பயப்பட வேண்டாம், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுத்துக் கிளம்பலாம். துலூஸ் வீட்டுத் தட்டுப்பாடு உள்ள நெருக்கடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருப்பதால் ஒரு மாத நோட்டீஸ் போதும். அந்தக் காரணத்தைக் கடிதத்தில் எழுத வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் நாளிலிருந்துதான் ஒரு மாதக் கணக்கு. சாவி வாங்கும் நாளில் வீட்டு இன்சூரன்ஸ் சான்று இல்லாமல் போனால் சாவி தர மாட்டார்கள். முந்தின நாளே எடுத்துவிடுங்கள், எங்களுக்கு மாதம் 14 யூரோ.

சாவியோடு சேர்ந்து நடப்பது எத்தா தெ லியூ, அதாவது வீட்டின் நிலைமையை அறை அறையாக எழுதிக்கொள்வது. மாலை ஐந்து மணிக்கு, அரை இருட்டில், அவசரமாக முடிக்கப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்தில் வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு சுவரையும் தரையையும் போனில் படம் எடுங்கள். எழுதாமல் விட்டது கண்ணில் பட்டால் 10 நாளுக்குள் சேர்க்கச் சொல்லலாம். ஹீட்டர் பழுதை, சூடு போடத் தொடங்கும் முதல் மாதத்துக்குள் சொல்லலாம்.

அன்று மாலையே தபால் பெட்டியிலும் கீழே அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே கதவு எண் கிடையாது, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாததால் எங்கள் மருத்துவ அட்டை திரும்பிப் போய், மறுபடி வர ஆறு வாரம் ஆனது. கணவர் பெயர், மனைவி பெயர், அப்பா பெயர் சேர்ந்த நீளப் பெயர், பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எல்லாவற்றையும் எழுதுங்கள். கரண்ட் இணைப்பை முன்பே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், இருவர் பெயரும் வருமாறு. அந்த பில்தான் இனி உங்கள் முகவரிச் சான்று. அதை எடுத்துக்கொண்டு மேயர் அலுவலகம் போனால் பிள்ளைக்குப் பள்ளி கிடைக்கும். மூன்று வயதிலிருந்தே பள்ளி கட்டாயம், எந்தப் பள்ளி என்பதை முகவரியே தீர்மானிக்கும்.

2023இல் மினிம் வீட்டைக் காலி செய்தபோது சமையல் மேடையில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. உள்ளங்கை அகலம், மஞ்சள் டப்பா கவிழ்ந்தது, என் தவறுதான். ஏஜென்சி புது மேடை போட என்று 310 யூரோவை டெபாசிட்டிலிருந்து பிடித்துக்கொண்டது. நுழையும்போது எழுதிய எத்தா தெ லியூவை எடுத்துப் பார்த்தேன். மேடை, பயன்படுத்திய நிலை, விளிம்பு உரிந்திருக்கிறது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். இங்கே மாவட்டத்துக்கு மாவட்டம் ஆதீல் என்று வீட்டுச் சட்ட ஆலோசனை மையம் உண்டு, இலவசம். துலூஸ் ஆதீலில் ஒரு அம்மா காகிதங்களைப் பொறுமையாகப் படித்துவிட்டு, பழைய மேடைக்குப் புது மேடை விலை கேட்க முடியாது, தேய்மானத்தைக் கழிக்க வேண்டும், மதிப்பீட்டுச் சீட்டைக் கேளுங்கள் என்றார். இரண்டு எத்தா தெ லியூவும் ஒன்றுபோல இருந்தால் 1 மாதத்துக்குள், வேறுபாடு இருந்தால் 2 மாதத்துக்குள் டெபாசிட் திரும்ப வர வேண்டும், தாமதமானால் ஒவ்வொரு மாதத்துக்கும் மாத வாடகையில் 10 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். படங்களை இணைத்து, பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். கறைக்காக 60 யூரோ பிடித்துக்கொண்டு மீதி 250 யூரோவை மூன்றாவது வாரம் கணக்கில் போட்டார்கள்.